சாம்பல் சட்டையும் கடைக்கண்ணும்

1996 ஏப்ரல் 13. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள துறைமுக ஊர் சவுத்தாம்ப்டன். அங்கே 'தி டெல்' என்று ஒரு சிறிய கால்பந்து மைதானம் இருந்தது. ரசிகர்கள் கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவு நெருக்கம். அன்று இடைவேளைக்கு விசில் ஊதியபோது மான்செஸ்டர் யுனைட்டெட் அணி 0-3 என்று பின்தங்கியிருந்தது. அந்தப் பருவத்தில் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணி அது. எதிரணியான சவுத்தாம்ப்டனோ, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பினால் போதும் என்று போராடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மோன்கூ, ஷிப்பர்லி, லெ டிஸியே என்று மூன்று பேர் ஆளுக்கொரு கோல் போட்டுவிட்டார்கள்.

இடைவேளை முடிந்து யுனைட்டெட் ஆட்டக்காரர்கள் திரும்பி வந்ததும் மைதானமே வியந்து பார்த்தது. சாம்பல் நிறச் சட்டையோடு உள்ளே போனவர்கள் நீலமும் வெள்ளையுமான சட்டையோடு வெளியே வந்தார்கள்! இரண்டாம் பாதியில் சவுத்தாம்ப்டனுக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. யுனைட்டெடுக்காக ரயன் கிக்ஸ் கடைசி நேரத்தில் ஒன்று போட்டார். ஆட்டம் 3-1 என்று முடிந்தது.

சட்டையை மாற்றச் சொன்னவர் அந்த அணியின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், ஸ்காட்லாந்துக்காரர். சாம்பல் சட்டை போட்டால் ஆட்டக்காரர்களால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஆட்டத்துக்குப் பிறகு அவர் காரணம் சொன்னார். நாடே சிரித்தது. தோற்றுவிட்டுச் சட்டைமேல் பழி போடுகிறாரே என்று கேலி செய்தார்கள். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். நம் கண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஃபெர்குசன் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது புரியும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கையை நேராக நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் கண் மிகத் தெளிவாகப் பார்க்கும் இடம் ஏறத்தாழ அந்த நகத்தின் அளவுதான். கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது அல்லவா? அதன் நடுவில் ஒரு சின்னக் குழி. நிறத்தையும் நுட்பத்தையும் பார்க்கிற கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒரு கண்ணில் கூம்பு செல்கள் 60 லட்சம் அளவில் உண்டு. குச்சி செல்கள் 12 கோடி அளவில். குச்சி செல்கள் மங்கலான வெளிச்சத்துக்கு உதவுபவை, அவற்றுக்கு நிறம் தெரியாது. நடுக்குழியை விட்டு விலக விலகக் கூம்பு செல்கள் குறைந்துகொண்டே போகும். அதோடு, ஓரத்தில் இருக்கும் பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து மூளைக்கு ஒரே செய்தியைத்தான் அனுப்பும். அதனால் ஓரத்தில் தெரிகிற படம் மங்கலாக இருக்கும்.

'எனக்கு எல்லாமே தெளிவாகத்தானே தெரிகிறது?' என்று கேட்பீர்கள். தெரிவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை இங்கும் அங்கும் தாவுகிறது. தாவித் தாவி எடுத்த துண்டுகளை மூளை ஒட்டி, முழுப் படமாக நமக்குக் காட்டுகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரில் ஒரு புள்ளியை வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் தங்கையோ நண்பனோ, நிறம் சொல்லாமல் ஒரு கலர் பென்சிலை உங்கள் காதுக்குப் பின்னாலிருந்து மெதுவாக முன்னே கொண்டுவரட்டும். கண்ணைத் திருப்பக் கூடாது! ஏதோ அசைகிறது என்பதுதான் முதலில் தெரியும். இன்னும் கொஞ்சம் முன்னே வந்த பிறகு நிறம் தெரியும். பென்சிலில் அச்சடித்த எழுத்தைப் படிக்க வேண்டுமானால் அது ஏறக்குறைய உங்கள் மூக்குக்கு நேரே வந்தாக வேண்டும்.

ஆக, இரண்டு கண்ணும் சேர்ந்து 180 டிகிரிக்கு மேலேயே பார்த்தாலும், அதில் பெரும்பகுதி கடைக்கண் பார்வைதான். கடைக்கண் அசைவை உடனே பிடித்துவிடும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பையும் பிடித்துவிடும். நிறத்திலும் நுணுக்கத்திலும்தான் அது பலவீனம்.

இப்போது கால்பந்து ஆடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பந்து காலடியில் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் எதிரணிக்காரர் பாய்ந்து வருகிறார். தெளிவான பார்வை முழுவதும் பந்துக்கும் அவருக்குமே செலவாகிவிடும். 'பாஸ் யாருக்கு?' என்ற கேள்விக்குக் கடைக்கண்தான் பதில் தேட வேண்டும், அதுவும் அரை நொடிக்குள். முகம் பார்த்து ஆளை அடையாளம் காண நேரமில்லை. சட்டையை வைத்துத்தான் தன் ஆளா எதிராளா என்று முடிவு செய்தாக வேண்டும்.

அந்தச் சட்டை சாம்பலாக இருந்தால்? ஒரு செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். பக்கம் முழுக்கப் பொடி எழுத்தாக இருக்கட்டும், படம் வேண்டாம். சாம்பல், வெள்ளை, கருநீலம் என்று மூன்று காகிதங்களில் விரலளவு மனித உருவம் வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டுப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளும் கலந்து பக்கமே சாம்பலாகத் தெரியும். அதில் நீல ஆளும் வெள்ளை ஆளும் நிற்பார்கள், சாம்பல் ஆள் கரைந்துபோவார். கேலரியில் உட்கார்ந்திருக்கும் கூட்டமும் தொலைவிலிருந்து பார்க்கும்போது இந்தச் செய்தித்தாள்தான். ஆயிரக்கணக்கான பேர், ஆளுக்கொரு நிறத்தில் கோட்டு, தொப்பி, சால்வை. கண்ணால் தனித்தனியாகப் பிரிக்க முடியாத தூரத்தில் எல்லா நிறமும் கலந்து, ஒருவிதச் சாம்பல் கலங்கலாகத் தெரியும். பள்ளியில் ஏழு வண்ணத் தட்டைச் சுழற்றிக் காட்டுவார்களே, நியூட்டன் தட்டு, அதிலும் நிறங்கள் கலந்து கண்ணுக்கு இப்படித்தான் வெளுத்துத் தெரிகின்றன.

'ஆனால் மைதானம் பச்சைப் புல்தானே? புல்லின்மேல் சாம்பல் நன்றாகத் தெரியுமே!' என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

ஓர் ஆட்டக்காரரின் கண் தரையிலிருந்து 165 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் தள்ளி நிற்கும் தோழனின் மார்பு 130 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து மார்புக்கு ஒரு நேர்கோடு போட்டால், அந்தக் கோடு 20 மீட்டர் தூரத்தில் 35 செ.மீ. இறங்குகிறது. அதே சரிவில் நீட்டிக்கொண்டே போனால் எங்கே தரையைத் தொடும்? 165-ஐ 35-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 94 மீட்டர்! கால்பந்து மைதானத்தின் அகலமே 70 மீட்டர் அளவுதான். அதாவது, பெரும்பாலான இடங்களிலிருந்து பார்க்கும்போது தோழனின் சட்டைக்குப் பின்னால் தெரிவது புல் அல்ல. விளம்பரப் பலகையும் கூட்டமும்தான். காலுக்கும் முழங்காலுக்கும் பின்னால் மட்டுமே புல் தெரியும்.

தொலைக்காட்சிக் கேமரா எங்கே இருக்கிறது? கேலரியின் உச்சியில். அங்கிருந்து கீழே பார்த்தால் எல்லோருக்கும் பின்னால் பச்சைப் புல்தான். சாம்பல் சட்டை பளிச்சென்று தெரியும். வீட்டிலிருந்து ஆட்டம் பார்த்தவர்கள் சிரித்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் பார்த்த மைதானம் வேறு, ஆட்டக்காரர்கள் பார்த்த மைதானம் வேறு.

சரி, சட்டையால்தான் தோற்றார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? கூடாது! அறிவியல் இங்கே கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். அந்தப் பருவத்தில் யுனைட்டெட் ஐந்து ஆட்டங்களில் சாம்பல் சட்டை போட்டது. நான்கில் தோல்வி, ஒன்றில் சமநிலை, வெற்றி ஒன்றுகூட இல்லை. கேட்கும்போது பெரிய சான்றாகத் தோன்றும். ஆனால் ஐந்துமே வெளியூர் ஆட்டங்கள். வெளியூரில் பொதுவாக எந்த அணிக்கும் வெற்றி குறைவு. அந்த ஐந்தில் ஆர்சனல், லிவர்பூல் போன்ற வலுவான அணிகளின் மைதானங்களும் இருந்தன. சவுத்தாம்ப்டனில் இடைவேளைக்குப் பிறகு நிலைமை மாறியதற்கும் வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். மூன்று கோல் முன்னிலையில் இருக்கும் அணி தடுப்பாட்டம் ஆடும். இடைவேளையில் ஃபெர்குசனிடம் வாங்கிய திட்டும் வேலை செய்திருக்கும், அவர் கோபம் அப்படிப்பட்டது. காரணங்கள் பல ஒன்றாகக் கலந்திருக்கும்போது ஒன்றை மட்டும் பிடித்து 'இதுதான்' என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால், மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொண்டு சட்டையை மட்டும் மாற்றி, பலமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.

சாம்பல் சட்டை ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தொல்லை கொடுத்தது என்பது ஒரு செய்தி. அதனால் தோற்றார்கள் என்பது வேறு செய்தி. முதலாவதை நம்ப நல்ல காரணம் இருக்கிறது. இரண்டாவதற்கு இன்னும் சான்று வேண்டும். யுனைட்டெட் அந்தச் சட்டையை அதோடு கைவிட்டது. லீக் பட்டத்தையும் அந்த ஆண்டு அதுவே வென்றது.

யார் இந்த ஃபெர்குசன்? 1941 டிசம்பர் 31 அன்று பிறந்தவர். ஸ்காட்லாந்தின் பெரிய நகரமான கிளாஸ்கோவில், க்ளைட் ஆற்றங்கரையில் உள்ள கவன் பகுதியில் வளர்ந்தார். அப்பா கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளி. கவனில் கட்டிய கப்பல்களில் போர்க்கப்பல்களும் உண்டு. போர்க்கப்பலுக்குப் பூசும் வண்ணம் என்ன தெரியுமா? சாம்பல்! மேகமும் மூட்டமுமான கடலில் எதிரியின் கண்ணுக்குக் கப்பல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் நிறத்தைத்தான் யுனைட்டெட் அணிக்கு மாட்டிவிட்டிருந்தார்கள்.

பள்ளி முடிந்ததும் அலெக்ஸ் தட்டச்சு இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் கருவி செய்யும் வேலை பழகினார். மயிரிழை பிசகினாலும் கருவி பொருந்தாது, அப்படிப்பட்ட வேலை அது. பகலில் தொழிற்சாலை, மற்ற நேரத்தில் கால்பந்து. 16 வயதில் குயின்ஸ் பார்க் அணியில் ஆடத் தொடங்கி, பிறகு செயின்ட் ஜான்ஸ்டன் அணிக்குப் போனார். 1963 டிசம்பரில், புகழ்பெற்ற ரேஞ்சர்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்த்து ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். அடுத்து டன்ஃபெர்ம்லின். அங்கே 1965-66 பருவத்தில் மட்டும் லீக்கில் 31 கோல்கள். 1967-ல் அந்த ரேஞ்சர்ஸ் அணியே 65,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. சிறு வயது முதல் அவர் ரசித்த அணி அது.

அங்கேதான் அடி விழுந்தது. 1969 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே செல்டிக். செல்டிக்கின் தலைவர் பில்லி மெக்நீல் நல்ல உயரம், தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர். அவரைக் காவல் காக்கும் பொறுப்பு ஃபெர்குசனுக்கு. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடமே கார்னர் கிக். மெக்நீல் தலையால் முட்டினார், கோல். ரேஞ்சர்ஸ் 0-4 என்று தோற்றது. பழியில் பெரும்பங்கு ஃபெர்குசன் தலையில் விழுந்தது. அந்த ஆண்டே அவர் அந்த அணியை விட்டு விலக நேர்ந்தது.

கார்னர் கிக்கின்போது காவல் நிற்பவரின் கண்ணுக்கு என்ன வேலை என்று பாருங்கள். பந்து ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. காக்க வேண்டிய ஆள் இன்னொரு பக்கம் நிற்கிறார். தெளிவான பார்வை கட்டைவிரல் நகம் அளவுதான் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் நேராகப் பார்க்கவே முடியாது. பந்தைப் பார்த்தால் ஆள் கடைக்கண்ணுக்குப் போய்விடுவார், ஆளைப் பார்த்தால் பந்து போய்விடும். தடுப்பாட்டக்காரர்கள் இதை ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். ஃபெர்குசனோ கோல் போடப் பழகியவர்.

பயிற்சியாளர் வாழ்க்கை 1974-ல், அவருடைய 32-ஆம் வயதில் தொடங்கியது. ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷர் என்ற சின்ன அணி. அவர் பொறுப்பேற்றபோது அணியில் எட்டே ஆட்டக்காரர்கள், கோல்கீப்பரே கிடையாது! அங்கிருந்து செயின்ட் மிர்ரன். 1978-ல் வட கடலோரத்து அபர்தீன். ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் மாறி மாறிப் பட்டம் வென்றுகொண்டிருந்த காலத்தில் அபர்தீனுக்கு மூன்று முறை லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1983-ல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், கொட்டிய மழையில், ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்றது அபர்தீன். அன்று மாட்ரிட்டுக்கு அந்த ஒரு கோல் கிடைத்ததே தண்ணீரால்தான். அபர்தீன் ஆட்டக்காரர் தன் கோல்கீப்பருக்குப் பின்னோக்கித் தட்டிய பந்து, நனைந்த தரையில் வேகம் குறைந்து பாதியில் நின்றுவிட்டது. எதிரணிக்காரர் பாய்ந்து வர, கோல்கீப்பர் அவரை இடறிவிட, பெனால்டி.

அபர்தீனில் நடந்த இன்னொன்று எனக்குக் கோப்பையைவிடப் பெரிதாகப் படுகிறது. அங்கே பயிற்சி முழுவதையும் ஃபெர்குசனே நடத்திக்கொண்டிருந்தார். விசிலும் அவர் கையில், பந்தும் அவர் காலில். ஒருநாள் தேநீர் வேளையில் துணைப் பயிற்சியாளர் அவரிடம் மனம்விட்டுக் கேட்டார்: எல்லாவற்றையும் நீங்களே செய்தால் நான் எதற்கு? ஃபெர்குசனுக்கு முதலில் பிடிக்கவில்லை. சில நாள் யோசித்த பிறகு, பயிற்சியைத் துணைவரிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்று பார்க்கத் தொடங்கினார். தன் வாழ்க்கையில் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று அது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நடுவில் நின்றால் பந்தின் பின்னால்தான் கண் போகும். ஓரத்தில் நின்றபோது அவருக்கு யார் சோர்ந்திருக்கிறார், யார் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறார், யார் வலியை மறைக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தது.

1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு வந்தவர் 2013 வரை அங்கேயே இருந்தார். முதல் லீக் பட்டத்துக்கு ஆறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மொத்தம் 13 லீக் பட்டங்கள். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கையும் 1999, 2008 என்று இருமுறை வென்றார். 1999-ல் 'சர்' பட்டம் பெற்றார்.

ஆட்டக்காரர்களின் கண்ணுக்கென்றே ஒருவரை அவர் அணியோடு சேர்த்துக்கொண்டார் என்பதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பார்வை அறிவியல் நிபுணராக இருந்த கெயில் ஸ்டீவன்சன்தான் அவர். கடைக்கண்ணில் வரும் அசைவுகளைக் கவனிக்க ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். விழித்திரையில் புதிதாகக் கூம்பு செல்களை யாராலும் முளைக்கவைக்க முடியாது. ஆனால் ஓரத்திலிருந்து வரும் மங்கலான செய்தியை மூளை கவனிப்பதைப் பழக்கத்தால் மேம்படுத்தலாம். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்துவைத்துக்கொள்ளவும் பழகலாம். நார்வே ஆய்வாளர் கெயர் யோர்டெட், ஆட்டக்காரர்கள் பந்து வரும் முன் எத்தனை முறை சுற்றிப் பார்க்கிறார்கள் என்று வீடியோவில் எண்ணிப் பார்த்தார். அதிகமாகச் சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ் குறி தவறாமல் போவதும் அதிகமாக இருந்தது. யுனைட்டெடின் பால் ஸ்கோல்ஸ் இந்தப் பழக்கத்துக்குப் பேர்போனவர். பந்து காலுக்கு வரும்போதே அதை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சட்டை நிறத்தைக் கால்பந்து உலகம் இப்போது சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. உலகக் கோப்பைக்கு வரும் ஒவ்வொரு அணியும் அடர்நிறத்தில் ஒன்றும் வெளிர்நிறத்தில் ஒன்றுமாகச் சீருடை கொண்டுவர வேண்டும் என்பது விதி. இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. வட ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுகிறார். பெண்களில் இது மிகக் குறைவு. ஓர் அணி சிவப்பிலும் இன்னோர் அணி பச்சையிலும் ஆடினால், ஆட்டக்காரர்களில் யாருக்காவது இரண்டு அணியும் ஒன்றாகவே தெரியலாம். நிறம் வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று இருட்டாகவும் இருந்தால்தான் எல்லோர் கண்ணுக்கும் பிடிபடும்.

உங்கள் பள்ளி மைதானத்தில் இதைச் சோதிக்க ஐந்து பேரும் ஒரு பந்தும் போதும். ஒருவர் பந்தோடு நடுவில் நின்று பந்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். மூன்று பேர் இருபது அடி தள்ளி, மரமும் சைக்கிளும் ஆட்களுமாகக் கலவையாக இருக்கும் பக்கத்தில் நிற்கட்டும். ஒருவருக்குச் சாம்பல் சட்டை, ஒருவருக்கு வெள்ளை, ஒருவருக்குக் கருநீலம். ஐந்தாமவர் திடீரென்று ஒரு நிறத்தைச் சொல்ல வேண்டும். பந்துக்காரர் நிமிர்ந்து அந்த ஆளுக்குப் பாஸ் கொடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் மூவரும் இடம் மாறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பந்துக்காரர் இடத்தை மனப்பாடம் செய்துவிடுவார். பாஸ் கொடுப்பவரையும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு நிறத்துக்கு இருபது முறையாவது எழுதிய பிறகு சராசரி போடுங்கள். மூன்று நான்கு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டாம். அடுத்த நாள் அதே சோதனையை வெற்றுச் சுவருக்கு முன்னால் நடத்தி, இரண்டு நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.